கோட்டுக்காரர் பார்க்க வந்த நாள்

ஜூன் 3

அன்புள்ள அண்ணிக்கு,

பாப்பா எழுதுவது. பத்திரமாக வந்து சேர்ந்தேன். சிறு துப்புரவு நிறுவனங்களுக்கான இந்த ஆறு வாரப் பயிற்சியில் முதல் பாடமாக எங்கள் போன்களை வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்கள். கவனம் சிதறுமாம். கடிதம் எழுதலாம், அதனால் தொடர்புத் திறன் வளருமாம்.

முப்பத்திரண்டு பேர் இருக்கிறோம். பாடம் நடத்துகிறவரின் நகங்கள் மிகவும் சுத்தம். இருபது வருடமாகத் துப்புரவைப் பற்றிப் பேசி வருகிறார். வாளி, துடைப்பம் என்றெல்லாம் நாங்கள் இனிச் சொல்லக் கூடாது, எல்லாம் உபகரணம். தேநீர் இடைவேளைக்கு இங்கே 'அறிமுக நேரம்' என்று பெயர். டம்ளரைக் கீழே வைப்பதற்குள் பத்துப் பேருக்காவது நம் கார்டைக் கொடுத்திருக்க வேண்டும். என் கார்டில் 'நிர்வாகப் பங்குதாரர்' என்று போட்டிருக்கிறேன். உங்களுக்கும் அடித்துக்கொண்டு வருகிறேன்.

"நீ போய்த்தான் ஆகணும்" என்று நீங்கள் ஒற்றைக்காலில் நிற்காவிட்டால் நான் வந்திருக்கவே மாட்டேன். கிளினிக் துப்புரவு வேலையைத் தனியாகச் சமாளிப்பது கஷ்டம் என்று தெரியும். அண்ணனை ஏணியையாவது பிடிக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
பாப்பா

ஜூன் 9

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. எல்லோரும் நலம். உன் அண்ணன் ஏணியைப் பிடிக்கிறார். ஏணிக்கு அதனால் பெரிய வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. நம்மிடம் வேலை செய்யும் நாலு பேரிடமும் இனி வாளிக்குப் பெயர் உபகரணம் என்று அறிவித்தேன். மூத்தவள், "எந்த உபகரணம்க்கா, ஒழுகுறதா, கைப்பிடி போனதா?" என்று கேட்டாள்.

கிளினிக் ஒப்பந்தம் ஜூலையோடு முடிகிறது என்பது நினைவிருக்கட்டும். மற்ற இரண்டு அலுவலகங்கள் இருந்தாலும் ஒன்றுதான், போனாலும் ஒன்றுதான். கிளினிக் போனால் நாமும் அந்த நாலு பேரும் வீட்டைத்தான் துடைத்துக்கொண்டிருக்க வேண்டும். தலைமை நர்ஸ் கதவுக்குப் பின்னால் விரலால் தடவிப் பார்க்கும் பழக்கத்தை இன்னும் விடவில்லை. நேற்று விரலைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். பாராட்டுகிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

ஓர் உதவி. குழாயடியில் படியும் வெள்ளைக் கறையை ஆசிட் போடாமல் எப்படி எடுப்பது என்று கேள். ஆசிட் வாடை பட்டாலே மூத்தவளுக்கு மூச்சு இழுக்கிறது. ஆறு வாரத்தில் இந்த ஒன்றைக் கற்றுக்கொண்டு வந்தாலும் போதும்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அண்ணி

ஜூன் 16

அன்புள்ள அண்ணிக்கு,

கறையைப் பற்றி வகுப்பில் பாடம் நடத்துகிறவரிடம் எழுந்து கேட்டேன். "இது கீழ்மட்டக் கேள்வி. நீங்க மேல இருந்து யோசிக்கணும்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

ஆனால் இங்கே கிடைக்கும் பழக்கங்கள் வேறெங்கும் கிடைக்காது அண்ணி. ஒருவர் பன்னிரண்டு வேன் வைத்துத் தொழில் நடத்துகிறார். வெயிலிலும் கோட்டைக் கழற்றுவதில்லை என்பதால் எங்களுக்குக் கோட்டுக்காரர். பயிற்சியில் 'பார்வை நாள்' என்று ஒன்று உண்டு. ஜோடி ஜோடியாகப் பிரிந்து ஒருவர் வேலையிடத்தை மற்றவர் போய்ப் பார்க்க வேண்டும். எனக்கு ஜோடி அவர்தான். அவர் இடத்தில் வெள்ளையடிப்பதால் நான் போக முடியாது. அவர் நம் கிளினிக்குக்கு வருகிறார். எதையும் ஒளிக்காமல் காட்ட வேண்டும் என்பது விதி. என் மதிப்பெண் அதில்தான் இருக்கிறது. தயவுசெய்து அவரிடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதீர்கள்.

பாப்பா

ஜூன் 27

அன்புள்ள பாப்பாவுக்கு,

கோட்டுக்காரர் வந்து போனார். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. சொன்னால் சிரிப்பாய், அன்று எனக்குக் கொஞ்சம் தலைகால் புரியவில்லை.

பதினோரு வருடத்தில் நம் வேலையை ஒருவர் நின்று பார்த்தது இதுதான் முதல் தடவை. நாம் துடைக்கும்போது மற்றவர்கள் காலைத் தூக்கிக்கொள்வார்கள்; கண்ணைத் தூக்கியதில்லை. இவர் பார்த்தார். கேட்டார். நான் சொல்லச் சொல்ல நோட்டில் எழுதிக்கொண்டார். எந்த அறையிலிருந்து தொடங்கினால் ஈரம் காய்வதற்குள் அடுத்த அறைக்குப் போகலாம், எந்த நிறத் துணி எந்த அறைக்கு, வாசனை மருந்து பெரிய டாக்டருக்கு ஏன் ஆகாது, தலைமை நர்ஸின் விரல் எங்கெங்கே போகும், எத்தனை பேர், எத்தனை மணி நேரம் எல்லாம் சொன்னேன். கேட்காததையும் சொன்னேன். "ஸ்கூல்ல உங்களை மாதிரி டீச்சர் கிடைச்சிருந்தா நான் எங்கேயோ போயிருப்பேன்மா" என்றார். வெட்கமாகக்கூட இருந்தது.

ஒரு வாளியைக்கூட அவர் தொடவில்லை. உன் அண்ணன் அவர் கார்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறார். முழு மதிப்பெண் வாங்கியிருப்பாய் என்று நினைக்கிறேன்.

அண்ணி

ஜூலை 15

அன்புள்ள அண்ணிக்கு,

பயிற்சி முடிந்தது. சிறந்த தொடர்பாளர் என்று எனக்குத் தனிச் சான்றிதழ் கொடுத்தார்கள். போன் திரும்பக் கிடைத்துவிட்டது. ஆனாலும் இதைக் கடிதத்தில் சொல்வதுதான் சரி என்று தோன்றியது.

கோட்டுக்காரர் தம் நிறுவனத்தில் என்னைப் பயிற்சி மேலாளராக இருக்கச் சொல்கிறார். சரி என்றுவிட்டேன். கிளினிக் ஒப்பந்தத்துக்கு அவரும் விண்ணப்பிக்கிறார். கோபப்படாமல் யோசியுங்கள். நாம் என்றைக்கும் அந்த ஓர் இடத்தைக் கட்டிக்கொண்டே இருந்திருப்போம். அவர் நாலு பேரையும் உங்களையும் எடுத்துக்கொள்கிறார், வாக்குக் கொடுத்திருக்கிறார். யாராக இருந்தாலும் முதலில் இரண்டு வாரம் சம்பளமில்லாத அறிமுகப் பயிற்சிக்கு வர வேண்டும். நடத்துவது நான்தான் என்பதால் நீங்கள் கூச்சப்பட வேண்டாம்.

இன்னொன்றையும் மறைக்க விரும்பவில்லை. வேலை விஷயத்தை அவர் என்னிடம் பேசியது பார்வை நாளுக்கு முந்தின வாரம். அப்போதே சொல்லியிருந்தால் நீங்கள் இயல்பாகக் காட்டியிருக்க மாட்டீர்கள்.

பாப்பா

ஜூலை 30

பாப்பாவுக்கு,

கிளினிக் கோட்டுக்காரருக்குப் போய்விட்டது. நேற்றுத் தலைமை நர்ஸ் கூப்பிட்டனுப்பி அவருடைய விண்ணப்பத்தைக் காட்டினார். நாற்பது பக்கம், படங்களோடு. நான் சொன்ன வரிசையில், நான் சொன்ன காரணங்களோடு, ஒரு பிழையும் இல்லை. "நீங்க செய்யறதைத்தான் அவங்க எழுதியிருக்காங்க. நீங்க எழுதிக் குடுத்ததே இல்லையேம்மா" என்றார். நர்ஸைக் குறை சொல்ல முடியவில்லை. படித்துப் பார்த்தபோது எனக்கே நம் வேலைமேல் மரியாதை வந்தது. பயிற்சியால் என்ன பிரயோசனம் என்று இனி யாராவது கேட்டால், நான் நடத்திய ஒரே ஒரு வகுப்பைச் சொல்வேன்.

நாலு பேரையும் உன் பயிற்சிக்குப் போகச் சொல்லிவிட்டேன். அவர்கள் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். மூத்தவளை ஆசிட் பக்கம் விடாதே. இது கீழ்மட்ட விஷயம்தான், இருந்தாலும் சொல்கிறேன். என் பெயரை எடுத்துவிடு. நம் வேனை உன் அண்ணன் கோட்டுக்காரருக்கே விற்றுவிட்டு, அதை ஓட்டும் வேலையையும் வாங்கிக்கொண்டார். "அவ சின்னப் பொண்ணு, விட்டுடு" என்கிறார். உனக்கு முப்பத்தாறு வயது.

இன்று காலை உன் அறையைக் காலி செய்தேன். துணிமணியும் சான்றிதழ் ஃபைலும் இரண்டு பைகளில் இருக்கின்றன; உன் அண்ணன் வேனில் கொண்டுவருவார். கட்டிலை ஒட்டிய சுவரில் உன் தலை சாய்ந்து சாய்ந்து எண்ணெய்க் கறை படிந்திருந்தது. அது பிடிவாதமான கறை. சோப்புத் தண்ணீரில் இரண்டு தடவை தேய்த்தேன், போய்விட்டது. அறையை ஒன்றாம் தேதியிலிருந்து வாடகைக்கு விடுகிறோம். பார்க்க வந்தவர்கள், இதற்கு முன் யார் இருந்தார்கள் என்று கேட்டார்கள். யாரும் இருந்ததில்லை என்றேன். சுவரைப் பார்த்துவிட்டு நம்பினார்கள்.

இப்படிக்கு,
உன் அண்ணன் மனைவி