அசைந்தது யார்

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நான் நலம். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறாதீர்கள் என்றால் கேட்கவா போகிறீர்கள்.

போன வாரம் இரவுக் கால்பந்துப் போட்டியைப் படமெடுக்க பத்திரிகையில் முதல்முறையாக என்னைத் தனியாக அனுப்பினார்கள். வெளிச்சம் போதவில்லை. புது லென்ஸ் கை நடுக்கத்தைச் சமாளித்துவிடும் என்ற தெம்பில், வெளிச்சம் கூடுதலாக விழட்டுமென்று ஷட்டர் வேகத்தைக் குறைத்துவிட்டேன். படங்களில் கோல் கம்பம் பளிச்சென்று நிற்கிறது, ஆட்டக்காரர்கள் புகையாக ஓடுகிறார்கள். எங்கள் படப்பிரிவுத் தலைவி திட்டவில்லை. "லென்ஸ் உன் கையைத்தான் பிடிச்சுக்கும், ஓடுறவங்களப் பிடிக்காது. ஆள் அசைஞ்சா ஆள் மட்டும் கலங்கும். கை ஆடினா மொத்தப் படமும் கலங்கும்," என்றார். வேலைக்கு ஒன்றும் ஆபத்தில்லை.

உங்கள் பழைய பருத்திச் சட்டை ஒன்று அனுப்புங்கள், கேமரா துடைக்க வேண்டும். இங்கேயும் துணி கிடைக்கிறதுதான்.

நான் ஊரிலிருந்து கிளம்பிய அன்று வாசலில் உங்களை எடுத்த படம் என் மேசைமேல் இருக்கிறது. "ஏம்ப்பா அசைஞ்சீங்க?" என்று அன்றைக்குச் சிடுசிடுத்தேன். "நான் அசையவே இல்லம்மா" என்றீர்கள். நேற்று உற்றுப் பார்த்தேன். உங்களோடு கதவு, சுவர், செருப்பு எல்லாமே கலங்கியிருக்கின்றன.

இன்றைய போட்டிக்கு வண்டி வந்துவிட்டது. நீங்கள் அசையவில்லை, அப்பா.

உங்கள் மகள்