அனுப்பாத பார்சல்

அன்புள்ள குச்சிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நான், அப்பா, உன் தங்கை மூவரும் சௌக்கியம். நீ சௌக்கியமா என்று கேட்டால் உண்மையைச் சொல்வாயா என்ற சந்தேகத்திலேயே கேட்கிறேன். போனை எடுத்தாலும் பிராக்டீஸ் இருக்கும்மா என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம். இதையும் உடனே எழுதியிருக்க வேண்டும், எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் ஒரு வாரம் தள்ளிவிட்டேன்.

போன வாரம் மருந்துக் கடையில் வேலையாகக் கவுண்டரில் நிற்கும்போது உங்கள் டீம் கோச் கூப்பிட்டார். குரலைக் கேட்டு அக்காவா என்றார், உனக்கும் எனக்கும் பத்தொன்பது வயதுதானே வித்தியாசம், அம்மா என்றதும் கொஞ்சம் தடுமாறிவிட்டு மரியாதையாகவே சொன்னார். பையன் பத்து கிலோவுக்கு மேல ஏறிட்டான்மா, காலைல ஓட வர்றதில்ல, கேட்டா தூங்கிட்டேங்கிறான், அம்மா வாராவாரம் பலகாரம் அனுப்பறாங்க, வீணாக்க மனசு வரலைங்கிறான், தயவுசெஞ்சு நிறுத்துங்க, அடுத்த மாசமும் எடை குறையலன்னா ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டாங்க என்றார். நீ போனதிலிருந்து ஒரு பிஸ்கட் பாக்கெட்கூட நான் அனுப்பியதில்லையேடா! ஆனால் என் வாய் இருக்கிறதே, மன்னிச்சிக்கோங்க சார், இனிமே அனுப்பல என்று சொல்லிவிட்டது. இருமல் மருந்துக்கு நின்றிருந்த பெரியவர் என்னைப் பாவமாகப் பார்த்தார். வீட்டில் சொன்னால், அனுப்பாத பார்சலுக்கு மன்னிப்புக் கேட்ட ஒரே ஆளு நீதாண்டி என்று அப்பா விழுந்து விழுந்து சிரிக்கிறார், தங்கை அப்ப எங்க பங்கு பலகாரம் எங்கம்மா என்கிறாள். ஆனால் அன்று டிவியில் உன் மேட்ச். ஆட்டம் முழுக்க பெஞ்சில் துண்டை மடியில் பரப்பி வயிற்றை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். அப்பா சிரிக்கவில்லை, தண்ணீர் குடிக்க எழுந்து போனவர் ஆட்டம் முடியும்வரை திரும்பவில்லை.

உன்மேல் கோபப்படுவதா, பொய் சொல்லவாவது அம்மா ஞாபகம் வந்ததே என்று சந்தோஷப்படுவதா என்றே புரியவில்லை. நேற்று உன் அறையைப் பெருக்கும்போது அலமாரிக்குப் பின்னால் முழங்காலுக்கு மாட்டும் பட்டை ஒன்று கிடைத்தது, வலி தைலம் இன்னும் மணக்கிறது. நீ லீவுக்கு வந்தபோது ஒளித்துப் போட்டதுதான். இதே பட்டை எங்கள் கடையிலேயே தொங்குகிறது, அம்மா கண்ணில் படக்கூடாது என்றுதானே வேறு கடைக்குப் போனாய்? முழங்கால் வலித்து ஓடாமல் எடை ஏறியதா, எடை ஏறியதால் முழங்கால் வலிக்கிறதா, இல்லை வலியெல்லாம் போய் இப்போது வெறும் சோம்பேறித்தனமா? எல்லாம் கொஞ்சம் கொஞ்சமா? பரீட்சைக்கு முந்தின நாள் அடுக்களையில் நின்றபடியே ஒரு முழு ரொட்டியைத் தின்று தீர்ப்பாயே, அந்தப் பயமா? அடிபட்டவன் என்று தெரிந்தால் கழற்றிவிடுவார்கள், தீனிப்பண்டாரம் என்று திட்டினால் திட்டிவிட்டுப் போகட்டும் என்று கணக்குப் போட்டாயா? தப்புக் கணக்கடா கண்ணா. எதுவானாலும் அடுத்த மாதம் வெளியே அனுப்பத்தான் போகிறார்கள், முழங்காலை மட்டும் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

பார்சல் நின்றுவிட்டதா என்று கேட்க ஞாயிற்றுக்கிழமை கோச் மறுபடி கூப்பிடுவாராம். முதல் பொய் யோசிக்காமல் வந்தது. இரண்டாவது எனக்கு வராது. ஆனால் நானே போட்டு உடைத்தால் உன் முகத்தை அவரிடம் எப்படிக் காட்டுவாய் என்றும் இருக்கிறது. அதனால் இந்தக் கடிதத்தோடு நிஜமாகவே ஒரு பார்சல் அனுப்புகிறேன். ஆசையாகப் பிரிக்காதே, தின்ன ஒன்றும் இல்லை, அந்தப் பட்டைதான் இருக்கிறது. அதைக் கோச் எதிரில் பிரி. மீதியை நீயே சொல்லிவிடு, அவர் என்னைப் பைத்தியம் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும்.

ராத்திரி வெறும் வயிற்றோடும் படுக்காதே, அளவாகச் சாப்பிடு. ஒப்பந்தம் இருந்தாலும் போனாலும் உன் உயரத்துக்கு இங்கே கட்டிலை நீளமாகச் செய்தது செய்ததுதான், அது உனக்குத்தான். எந்தக் குறையும் அண்டாமல் நீ நல்லபடியாக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அவர் கூப்பிடுவதற்கு முன்னால் நீ கூப்பிடு.

பார்சல் கையில் கிடைக்கும்வரை தவித்துக்கொண்டிருக்கும்,
உன் அம்மா