பெனால்டிக்கு நான் வேண்டிக்கொண்டது

என்னங்க, வணக்கம். முட்டிவலி குறைந்ததா? நான் சுகம்.

நேற்று இந்த நாட்டு டீமின் கால்பந்து மேட்ச் பார்க்க ஹாலில் முதலாளி, முதலாளியம்மா, டிரைவர், சமையல் வேலைக்கு வந்த நான், ஆக நாலு பேர். ஆட்டம் சமனாகி பெனால்டிக்குப் போனதும் அம்மா என்னைப் பார்த்தார். "நீ கதவோரம் நின்னாலே பெனால்டில தோக்குறாங்க. பின்பக்கம் போய் நில்லு."

ஜெயித்தால்தானே முதலாளியிடம் லீவு கேட்க முடியும்? மகள் பிரசவத்துக்கு நான் வந்தாக வேண்டுமே. துணி காயப்போடும் இடத்தில் நின்று மனசார வேண்டினேன். போன இரண்டு தடவையும் பந்து வலைக்குள் போனதும்தான் இவர்கள் தலையில் கை வைத்தார்கள். அந்தக் கணக்கில், "சாமி, ஒரு பந்தும் உள்ளே போகக் கூடாது" என்று கேட்டேன்.

தோற்றுவிட்டார்கள். காலையில் டிரைவர் புலம்பினார்: "நம்மாளுங்க அடிச்சது ஒண்ணுகூட உள்ள போகலக்கா! அவங்களுது ஒண்ணே ஒண்ணு நுழைஞ்சுது, போச்சு."

இரண்டு பக்கமும் மாறி மாறி அடிப்பார்களாம். நம்மவர்கள் அடிப்பது உள்ளே போக வேண்டுமாம். சாமி நான் கேட்டதில் முக்கால்வாசி கொடுத்துவிட்டார். இதை மகளிடம்கூடச் சொல்லாதீர்கள்.

முதலாளிக்கு வைத்த காபி அப்படியே ஆறிக் கிடக்கிறது. எனக்கும் அசதியாக இருக்கிறது. இங்கே வருகிறவர்கள் யாரிடமாவது ஒரு போர்வை கொடுத்தனுப்புங்கள். புதிது வேண்டாம், நீங்கள் போர்த்துவதே போதும்.

லீவு இன்றே கேட்கட்டுமா, அவர் மனசு ஆறட்டுமா? அம்மா கூப்பிடுகிறார். டாக்டர் சொன்ன தேதியையும் எழுதி, சீக்கிரம் பதில் போடுங்கள்.