ஒரு தட்டு போதும் என்றீர்கள்

அன்பு மாறாத என் பர்ஹானா ராத்தாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

மையவாடிக்குப் போகிறவர்கள் அங்கே அடங்கியிருப்பவர்களுக்கு ஸலாம் சொல்வார்கள் என்று வாப்பா சொன்னார். எங்கள் வீட்டில் பெண்பிள்ளைகள் அங்கே போவதில்லை. அதனால் என் ஸலாமை இங்கிருந்தே எழுதுகிறேன். நீங்கள் இதை வாசிக்க மாட்டீர்கள் என்று தெரியும். ஆனாலும் நடந்ததை முதலில் கேட்க வேண்டிய ஆள் நீங்கள்தான்.

நேற்று வரைக்கும் நான் அழவில்லை. டெங்குக் காய்ச்சல் என்று வார்டில் சேர்த்த உங்களை வெள்ளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்த அன்றும் அழவில்லை. பாடசாலைக்குப் போகிறேன், கணக்குச் செய்கிறேன். பிளேன்டியைக் குடித்து முடித்த பிறகு அதில் சீனி இருந்ததா என்று யோசிக்கிறேன். "இவளுக்கு என்னமோ ஆகிட்டு" என்று உம்மா பக்கத்து வீட்டில் சொல்வது காதில் விழுகிறது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை ராத்தா. ஒன்றும் ஆகாமல் இருப்பதைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை.

பிரதீபன் அண்ணா வீட்டுக்கு வந்தார். ஆடைத் தொழிற்சாலையின் தானியங்கிப் பிரிவில் உங்களோடு வேலை செய்த, ஆரையம்பதி பிரதீபன் அண்ணா. நீங்கள் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சியாகத் தொடங்கி, பிறகு தொழிற்சாலைக்கே கொண்டுபோய்ப் பொருத்திய ரோபோக் கையை இப்போது அவர்தான் பார்த்துக்கொள்கிறார்.

அந்தக் கையைப் பற்றி நீங்கள் முதன்முதல் சொன்னபோது நான் சிரித்தேன். "காரையே பூட்டிச் செய்யிற ரோபோவுக்கு ஒரு துணியத் தூக்கத் தெரியாதா?" என்று கேட்டேன். நீங்கள் அலுமாரியிலிருந்து விரிப்புகளை அள்ளிக் கட்டிலில் அடுக்கிவிட்டு, என் கண்ணைப் பொத்தினீர்கள். "மேல இரிக்கிற ஒண்ட மட்டும் எடு பாப்பம்." நான் எடுத்தேன். இரண்டு வந்தது.

"என்னகா, ரோபோவ விட மோசமா இரிக்கிறாய்?"

இரும்பு எப்போதும் ஒரே வடிவில் இருக்கும், துணி அப்படி இல்லை என்றீர்கள். காற்றால் உறிஞ்சித் தூக்கப் பார்த்தால் காற்று பருத்திக்குள்ளால் போய்விடும். ஊசியால் குத்தித் தூக்கினால் ஓட்டை விழும். அடுக்காக வைத்து வெட்டிய துணிகளின் விளிம்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால் மென்மையான ரப்பர் விரல்களைச் செய்து, அந்தக் கையை நீங்களே பிடித்து அசைத்துப் பழக்கினீர்கள். சின்னப் பிள்ளையின் விரலைப் பிடித்து எழுதப் பழக்குவதுபோல என்று சொன்னீர்கள். நீங்கள் அசைத்தது அப்படியே அதன் நினைவில் பதிந்துவிடும். பிறகு அது தானாகவே செய்யும்.

வீட்டுக்கு வந்த அன்று பிரதீபன் அண்ணா கதிரையின் நுனியில் இருந்தார். உம்மா கொடுத்த தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது. "ரெண்டாவது லைனுக்கும் அதே மாதிரிக் கை வருது மாமி. ரெண்டுக்கும் வேகம் கூட்டச் சொல்றாங்க. பர்ஹானா பழக்கின அசைவுகளத் திருத்தோணும். ஒரு இடத்தில மட்டும் கை வைக்க எனக்கு மனம் வரல்ல. அதான் உங்களட்டக் கேட்டுப் போட்டுச் செய்வம் எண்டு வந்தனான்."

"எனக்கு என்ன விளங்கும் மனே? இவளட்டக் கேளுங்க," என்றார் உம்மா.

"நேர வந்து பாருங்க. நான் வாயால சொன்னா விளங்காது."

அடுத்த சனிக்கிழமை உம்மாவும் நானும் ஓட்டோவில் போனோம். வாவியில் தண்ணீர் அசையாமல் கிடந்தது.

நான் உங்கள் கையை அன்றுதான் முதன்முதல் பார்த்தேன் ராத்தா. மஞ்சள் கோட்டுக்கு இப்பால் எங்களை நிற்கச் சொல்லிவிட்டு அண்ணா அதை இயக்கினார். அது வளைந்து வந்து துணி அடுக்கின்மேல் நின்றது. துணியின் விளிம்பில் லேசாக ஒரு தட்டுத் தட்டியது. அதற்குப் பிறகுதான் விரல்களைக் குவித்து மேல் துணியை மட்டும் தூக்கியது.

உம்மா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

படுக்கப் போகுமுன் பிஸ்மி சொல்லி விரிப்பை மூன்று தரம் தட்ட வேண்டும் என்று நாங்கள் பேசப் பழகிய காலத்திலிருந்து உம்மா சொல்லித் தந்திருக்கிறார். நீங்கள் ஒரு தரம்தான் தட்டுவீர்கள். கையின் பின்பக்கத்தால், விளிம்பில் மட்டும். "மூணு தரம்டி" என்று உம்மா சத்தம் போடுவார். "ஒண்டு போதும் உம்மா. மத்த ரெண்டும் வீண் அசைவு" என்பீர்கள். அதே தட்டுத்தான் இது. கையைப் பழக்கிய நாளில் துணியைக் கண்டதும் உங்களை அறியாமலே தட்டியிருக்கிறீர்கள். அதுவும் பதிந்துவிட்டது.

பக்கத்தில் துணி அடுக்கிக்கொண்டிருந்த றமீஸா மாமி எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, "நாங்க முதல்நாளே கண்டுட்டம்," என்றார். "மெஷினுக்குப் பிஸ்மி பழக்கிட்டியா புள்ள எண்டு பர்ஹானாவப் பகிடி பண்ணுவம். அவ வெக்கப்பட்டுச் சிரிப்பா. நாளைக்கு அழிக்கிறன் எண்டு சொல்லுவா, அழிக்க மாட்டா."

"பொட்டு வச்சது நான்தான்," என்றார் பிரதீபன் அண்ணா. கையின் அடித்தண்டில் ஆயுத பூசைக்கு வைத்த சந்தனம் காய்ந்து கிடந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. ஆனால் அந்த இடத்தில் மூச்சு விடக்கூடியதாக இருந்தது.

வேகம் கூட்டுவதற்காக மேலிடம் எடுக்கச் சொல்கிற அசைவு அந்தத் தட்டுத்தான். அண்ணா என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. ஒட்டியிருக்கும் விளிம்புகளை அந்தத் தட்டுத்தான் பிரிக்கிறதோ? அதனால்தான் நாளைக்கு நாளைக்கு என்று அழிக்காமல் வைத்திருந்தீர்களோ? அப்படியென்றால் அது வீண் அசைவில்லை. அதை எடுக்க ஒருவராலும் முடியாது. உங்கள் சாவுக்குப் பிறகு நான் ஒன்றை விரும்பியது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

"சோதிச்சுப் பாத்திட்டுச் சொல்றன் அண்ணா," என்றேன். "ஒரு கட்டுத் துணி தட்டோட, ஒரு கட்டு தட்டில்லாம. துணி, வேகம் எல்லாம் ஒண்டா இரிக்கணும். ஒரே நேரத்தில ரெண்ட மாத்தினா எது செஞ்சதெண்டு தெரியாது."

"இதை அவதான் சொல்லுவா," என்றார் அண்ணா.

தட்டோடு ஒரு கட்டு ஓடியது. ஒவ்வொன்றாகத் தூக்கியது. இடைக்கிடை இரண்டு சேர்ந்து வந்தது. பிறகு அண்ணா திரையில் ஏதோ மாற்றினார். கை வந்தது, தட்டாமலே தூக்கியது. இரண்டு சேர்ந்து வரட்டும் என்று நான் பார்த்துக்கொண்டே நின்றேன். முதலாவது ஒன்றாக வந்தது. அடுத்ததும் ஒன்றாக வந்தது. கடைசியில் இரண்டு கட்டுகளிலும் ஒரே அளவுதான் பிழை வந்திருந்தது. போதாது என்று தடித்த துணியிலும் ஓட்டச் சொன்னேன். அதிலும் வித்தியாசம் இல்லை.

உங்கள் தட்டு எதையும் செய்யவில்லை ராத்தா. அது வெறும் பழக்கம்.

"இரிக்கட்டுமே மனே," என்றார் உம்மா, மிகவும் மெல்ல. "ஒரு தட்டுத்தானே. அதால யாருக்கு என்ன நட்டம்?"

பிரதீபன் அண்ணா திரையிலிருந்து கையை எடுத்தார். எடுக்க வேண்டாம் என்று நான் சொல்லியிருந்தால், எப்படியாவது மேலிடத்தில் பேசி அதை வைத்திருப்பார். அது எனக்குத் தெரிந்தது. றமீஸா மாமியும் வேலையை விட்டுவிட்டு நின்றார். நீங்கள் இதில் நின்றிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்பதை யோசிக்கவே தேவையிருக்கவில்லை. அளந்து பார்த்த பிறகும் பிடிக்காத விடையைத் தள்ளிவிடுகிறவர்களை நீங்கள் என்ன பாடு படுத்துவீர்கள் என்று எனக்குத் தெரியாதா?

"எடுங்க அண்ணா," என்றேன்.

உம்மா என் மணிக்கட்டை விட்டார். கோபமில்லை. விட்டார், அவ்வளவுதான்.

அண்ணா உடனே எடுக்கவில்லை. இன்னும் ஒரு தரம் பழைய மாதிரி ஓடவிட்டார். கை வந்தது, நின்றது, தட்டியது, தூக்கியது. நாங்கள் எல்லாரும் பார்த்தோம். அதன் பிறகு அழித்தார். இப்போது அந்தக் கை நேராக வந்து நேராகத் தூக்குகிறது. நன்றாக வேலை செய்கிறது. அதுதான் செய்தி.

நான் செய்தது சரியா ராத்தா? சரி என்று என் கணக்கு சொல்கிறது. உம்மா அதற்குப் பிறகு அதைப்பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நல்லது என்று சில நேரம் தோன்றுகிறது.

நேற்று லுஹர் தொழுதுவிட்டு நாங்கள் இருவரும் படுத்த கட்டிலின் விரிப்பை மாற்றினேன். நீங்கள் போன பிறகு அதை மாற்றவே இல்லை. புதியதை விரித்து, பிஸ்மி சொல்லி, கையின் பின்பக்கத்தால் விளிம்பில் ஒரு தட்டுத் தட்டினேன். கை அங்கேயே நின்றுவிட்டது. அது என் கைபோல இல்லை. வாசலில் நின்ற உம்மா வழக்கம்போலச் சொன்னார், "மூணு தரம்டி."

மற்ற இரண்டையும் தட்டினேன். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையில் கண்ணீர் கண்ணை மறைத்தது. ஆனாலும் தட்டினேன்.

நானும் உங்கள் படிப்பைத்தான் படிப்பேன் ராத்தா. நான் செய்கிற இயந்திரங்களில் ஒரு வீண் அசைவும் இருக்காது, என்னுடையதாக இருந்தாலும் எடுத்துவிடுவேன். வீட்டில் மட்டும் அளந்து பார்க்க மாட்டேன். நீங்கள் மிச்சம் வைத்த இரண்டையும் சேர்த்து, உங்கள் பக்கத்தையும் என் பக்கத்தையும் மூன்று மூன்று தரம் தட்டிவிட்டுத்தான் படுப்பேன்.

இப்படிக்கு,
கட்டிலில் இன்னும் சுவர்ப் பக்கமாகவே படுக்கும் உங்கள் தங்கச்சி,
நுஹா