மேற்பலகையில் விழுந்த சன்னல்

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் கேட்கும் நிலையில் நான் இல்லை, ஆயினும், நலமா?

உன் புதிய விற்பனைக் கையேடு வந்து சேர்ந்தது. பதினோர் ஆண்டுகளாக உன் பட்டறையில் பிறந்த ஒவ்வொரு கித்தாரையும் படமெடுத்தவன் நான். இம்முறை அட்டையில் இருப்பதோ கடைத்தெரு ஒளிப்படக்காரரின் படம். எனக்கு ஒரு சொல் சொன்னாயா?

அதே கித்தாரைச் சனவரியில் நான் எடுத்த படத்தை, அவர் படத்தோடு தரையில் வைத்து மண்டியிட்டு ஒப்பிட்டேன். கம்பிகளின் கூர்மையில் அவரே மேல், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் படத்தில் மரத்தின் வரிகளை எண்ணலாம். அவர் படத்தில், கித்தாரின் மேற்பலகையில், கம்பிகளைத் தாங்கும் கட்டைக்குக் கீழே, சன்னல் வெளிச்சம் வெள்ளைத் திட்டாக விழுந்து கிடக்கிறது. மெருகிட்ட மரத்தில் சன்னலை விழவிடுவது, நேற்றுக் கருவி வாங்கியவன் செய்யும் பிழை. என் மனைவிகூட, "ஏங்க, துடைக்காமயே எடுத்துட்டாரா?" என்று கேட்டாள்.

இவருக்காகவா என்னை ஒதுக்கினாய்?

ஒதுக்கப்பட்ட தம்பி


மார்ச் 9

அன்புத் தம்பிக்கு,

கோபம் வந்தால் நீ மேடையேறிவிடுவாய், சிறுவயதுப் பழக்கம். கோந்து காய்வதற்குள் எழுதி முடிக்கிறேன். உன் படம் நன்றாகவே இருந்தது. வேண்டியதற்கு மேல் நன்றாக இருந்தது.

அவரைப் பழிக்காதே. அவர் முதலில் எடுத்த படத்தில் சன்னல் இல்லை. நான்தான், "கொஞ்சம் இடப்பக்கம் திருப்புங்க, வெளிச்சம் அங்க விழட்டும்" என்றேன். மனிதர் தலையைச் சொறிந்துகொண்டே எடுத்தார்.

அந்தக் கித்தாரை ஒருவர் தம் மகளுக்காகக் கேட்டிருக்கிறார். இருபதாம் தேதி அனுப்புகிறேன். இத்தோடு விடு.

அக்கா


மார்ச் 12

அக்காவுக்கு,

என் படத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்தேன். அவர் படத்தில் சன்னல் விழுந்த அதே இடத்தில், மயிரிழை போல ஒரு விரிசல். நீ ஒட்டி மெருகிட்ட விரிசல். வரிகளை எண்ணலாம் என்று மார்தட்டினேனே, அவற்றுள் ஒன்று வரியே அன்று என்பது எடுத்த எனக்கே தெரியவில்லை. உனக்குத் தெரிந்திருக்கிறது.

கடைத்தெருவுக்குச் சென்று அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "எதுக்குங்க மன்னிப்பெல்லாம்? அக்கா சொன்னாங்க, செஞ்சேன்" என்றார். அவர் அறியாமல் செய்தார். நீ?

மரம் விரிசல் விடுவது குற்றமன்று, ஒட்டுவதும் குற்றமன்று. ஒரு பெண்ணின் மடியில் ஏறப்போகும் கித்தாரின் தழும்பை வெளிச்சத்தைக் கொண்டே மறைத்தாயே, அதுவே குற்றம். என் படத்தை அவள் தந்தைக்கு அனுப்பு. அனுப்பாவிட்டால் உன் பட்டறையில் இனி என் விளக்கு எரியாது.

தம்பி


மார்ச் 27

தம்பிக்கு,

அனுப்பினேன். உன் படத்தில் விரிசலைச் சிவப்பு மையால் வட்டமிட்டே அனுப்பினேன். அவர் தொலைபேசியில், "சொன்னதுக்கு நன்றிம்மா. ஆனா வேண்டாம்" என்றார். அவ்வளவுதான். நான்கு மாத உழைப்பு சுவரில் தொங்குகிறது. எடுத்து மீட்டினால் நாதத்தில் ஒரு குறையும் இல்லை, அதுதான் எரிச்சல்.

உன்மேல் கோபம் தீரவில்லை. நீ சொன்னது சரி என்பதால் கோபம் இரட்டிப்பு.

அடுத்த கித்தாருக்கு மெருகு பூசியாயிற்று, புதன்கிழமை காய்ந்துவிடும். பக்கவாட்டு விளக்கோடு வந்து சேர். சன்னலை நான் மூடிவைக்கிறேன்.

அக்கா