இலை மூட்டை முதலில் ஏற வேண்டும்

ஐப்பசி 18, செவ்வாய். முக்கூடல்.
மழை இல்லை. கடும் புழுக்கம். தொண்டைக்கு அதிமதுரம் வாங்க வேண்டும்.

நாளை மாலை வெள்ள ஒத்திகை; பேச்சு என் பொறுப்பு. ஒலிபெருக்கியில் அழைத்ததும் ஆற்றங்கரைத் தெருவினர் அனைவரும் பள்ளி மாடிக்கு ஏற வேண்டும். உரைக்குறிப்பு: கடல் சூடேறுகிறது, சூடான காற்று மிகுதியான ஈரத்தைச் சுமக்கிறது, பல நாள் மழை ஒரே நாளில் கொட்டுகிறது. எளிமை தேவை. அனல் குறையலாகாது.

சென்ற வெள்ளத்தின்போது, பீடி சுற்றும் செய்யதம்மாள் பாதி வழியில் வீட்டுக்குத் திரும்பிப் போனார். கழுத்தளவு நீரிலிருந்து கயிறு கட்டி மீட்டோம். பின்னர் நடந்த கூட்டத்தில், அறிவிலி என்று மேடையிலேயே இடித்துரைத்தேன். மறுபடி எவரும் அப்படித் திரும்பிப் போகக் கூடாது.

ஐப்பசி 19, புதன்.
வானம் மூடல். ஒத்திகை தோல்வி.

நாற்பது நிமிடம் பேசினேன். கூட்டம் கூடியது, நின்றது, கைதட்டியது. சோடாகூட வந்தது. மாடி ஏறியவர் எவருமிலர்.

ஒலிபெருக்கிக்காரன் பேச்சிமுத்து, கம்பியைச் சுருட்டியபடி: "அண்ணாச்சி, நீங்க பேசி முடிக்கதுக்குள்ள வெள்ளமும் வந்து கேட்டுட்டுப் போயிரும்."

சிரிப்பு வரவில்லை. செய்யதம்மாள் வீட்டு வாசலில் நின்று, ஏன் ஏறவில்லை என்று கேட்டேன். மடியிலிருந்த முறத்தை இறக்கவில்லை, கையும் நிற்கவில்லை.

"நல்லாத்தான் பேசுதீய. பீடி எலையும் பொகையிலத் தூளும் கம்பெனிக்குள்ளது. ஆத்தோட போனா யாரு பொறுப்பு? அன்னைக்கும் அதுக்குத்தான் திரும்பிப் போனேன். நீங்க மைக்குல என்னைய கூறுகெட்டவன்னு சொன்னீயல்லா."

அன்று ஏன் போனார் என்று நான் கேட்டதே இல்லை.

ஐப்பசி 20, வியாழன்.
தூறல். வீடு வீடாகப் போனேன். உரையில்லை, வினா மட்டும்: எதை விட்டு வர மாட்டீர்கள்?
இலை, தூள் – பெரும்பாலான வீடுகளில்.
சினை ஆடு – ஒன்று.
தையல் பொறி. தலைச்சுமையாகாது, இருவர் வேண்டும்.
நடக்கவியலாத கணவர். நாற்காலியோடு தூக்க நால்வர்.

தலைமையாசிரியை மாடியறை ஒன்றை ஒதுக்கினார். முடிவு: மழை வலுத்தால் இலை மூட்டை முதலில் ஏறும், ஆள் பின்னால். சாவி யாரிடம்?

செய்யதம்மாள்: "எங்கிட்ட குடுங்க. உங்ககிட்ட இருந்தா அதுக்கும் ஒரு கூட்டம் போடுவீய."

கொடுத்தேன்.

ஐப்பசி 23, ஞாயிறு.
மறு ஒத்திகை. மூட்டைகள் ஏறின, பின்னாலேயே தெருவும் ஏறியது. ஆடு முரண்டு பிடித்தது. பேச்சிமுத்துவின் காலில் மிதி. நான் பேசவில்லை. தொண்டை நலம்.

ஐப்பசி 27, வியாழன். பி.ப. 3.
விடியலிலிருந்து விடாத மழை. அணை திறப்பு அறிவிப்பு நண்பகலில் வந்தது. அப்போதே கடைசி மூட்டை மேலே.

ஒலிபெருக்கியில் இவ்வளவே சொன்னேன்: "எல மேல போயாச்சு. எல்லாரும் ஏறுங்க." என் வாயில் ஊர்த் தமிழைக் கேட்டுப் பேச்சிமுத்து திரும்பிப் பார்த்தான்.

நாற்காலிக்காரர் ஏறினார். ஆடும் ஏறியது. பேச்சிமுத்து மாடியில் நின்று எண்ணினான்; ஓர் ஆள் குறைவு. கீழிருந்து செய்யதம்மாளைத் தேடினேன். அவர் மாடிச் சன்னலில் நின்றார்.

"கொறையிறது நீங்கதான் அண்ணாச்சி. மைக்க வச்சிட்டு ஏறி வாங்க."

ஏறினேன். தெருவில் இப்போது முழங்காலளவு நீர். எல்லார் முன்னும், அன்று மேடையில் சொன்ன சொல்லுக்கு மன்னிப்புக் கேட்டேன். இரண்டே தொடர்.

"சரி, சரி," என்றார். "மூட்டயில சாயாதீய, எல நொறுங்கிரும்."