சக்கரக்கல்லும் எங்கள் கிணறும்

கல்லேரிப்பட்டி காலனி,
அரியலூர் வழி,
18-6-1987

மரியாதைக்குரிய அடைக்கலசாமி ஐயா அவர்களுக்கு,

எங்கள் கிணற்றில் ஊற்று வந்துவிட்டது ஐயா, நேற்றுச் சாயங்காலம், என் அப்பா முழங்கால் நனைய உள்ளே நின்றுகொண்டு போட்ட சத்தம் ஊர் எல்லை வரைக்கும் கேட்டது!

நான் மலர்க்கொடி. வியாழக்கிழமை வானொலியில் நீங்கள் அறிவியல் பேசி முடித்ததும், அடுத்த கேள்வியை எழுதித் தபாலில் போட்டுத் தொல்லை கொடுப்பவள். எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. மிச்சம் எல்லாம் உங்களிடம்தான் படித்தேன். பஞ்சாயத்து ரேடியோவைக் கம்பத்தில் குழாய் கட்டிப் பாட விடுவார்கள். உங்கள் நேரம் வந்தால் அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு ஓடுவேன். சோறு குழைந்தால் அம்மாவிடம் திட்டு விழும்.

நான் படம் வரைந்து அனுப்பிய சுருள் கல்லைப் பற்றி நீங்கள் பேசினீர்களே, அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

எங்கள் காலனிக்குக் கிணறே கிடையாது. பெரிய தெருக் கிணற்றடியில் குடத்தோடு நிற்போம். கயிற்றை நாங்கள் தொடக் கூடாது. யாராவது மனம் இரங்கி இறைத்து ஊற்றினால்தான் தண்ணீர். சில நாள் வெயில் உச்சிக்கு ஏறிவிடும். இந்த வருஷம்தான் அரசாங்கத்தில் எங்களுக்கென்று ஒரு கிணறு கொடுத்தார்கள். அப்பா அரியமுத்துவும் வைரக்கண்ணு சித்தப்பாவும் இன்னும் சிலரும் தோண்டினார்கள்.

பாதி ஆழத்தில் அந்தக் கல் வந்தது. முறம் அகலம், சுற்றிச் சுற்றிப் போகும் வரிகள். அப்பா அரண்டுபோய், "பெருமாள் சக்கரம்டா வைரக்கண்ணு, கடப்பாரையக் கீழ வையி" என்று சொல்லிவிட்டு மேலே ஏறி வந்து கற்பூரம் கொளுத்தினார். அம்மா மஞ்சள் பூசினாள். நானும் கும்பிட்டேன் ஐயா.

அதுதான் தப்பாகப் போனது. மறுநாள் காலையில் பெரிய தெருவே மஞ்சள் துணியோடு வந்துவிட்டது. பஞ்சாயத்துத் தலைவர் குருநாதன், "சாமி வெளிப்பட்ட எடம். இனிமே இங்க தோண்டப்படாது, கோயில்தான். நீங்க தள்ளி நின்னு கும்புட்டுக்குங்க" என்று சொல்லிவிட்டார். அம்மா இரவெல்லாம் அப்பாவை வறுத்தெடுத்தாள்: "சாமின்னு வாயத் தொறக்காம இருந்தா இந்நேரம் தண்ணி குடிச்சிருப்போம்ல?"

பிறகு நீங்கள் பேசினீர்கள். என் பெயர் குழாயில் கேட்டதும் கம்பத்தடிக்கே ஓடிப்போய் நின்றேன். ஒரு காலத்தில் இங்கே கடல் இருந்தது, அது நத்தை மாதிரி ஓடு சுமந்த, கணவாய் மீனுக்கு உறவுக்கார உயிர், கோடிக்கணக்கான வருஷத்தில் கல்லானது என்று சொன்னீர்கள். இனி யாரும் தடுக்க முடியாது என்று நினைத்தேன். தலைவர் என்ன செய்தார் தெரியுமா? டீக்கடையில் தொடையைத் தட்டி, "கேட்டீங்களாய்யா, கடல்ல இருந்ததாம்! பெருமாள் எங்க படுத்திருக்காரு? பாற்கடல்ல! ரேடியோவே ஒத்துக்கிச்சு" என்றார். கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் பேச்சே அவருக்குச் சாட்சியாகிவிட்டது. நான் அழுதேன்.

ஆனால் நீங்கள் இன்னொன்றும் சொன்னீர்கள். அந்தக் கல்படுகை ஒரு குழியோடு நிற்காது, பாய் விரித்த மாதிரி ஊர் அடியில் ஓடும் என்று. அதை அம்மாவிடம் சொன்னேன். கன்னத்தில் கை வைத்துக் கேட்டவள், சட்டென்று எழுந்து, "அடியே, தலைவரு மோட்டார் கெணத்துப் படியில நான் தெனமும் இதத்தாண்டி மிதிக்கிறேன்" என்றாள். அவருடைய வெங்காயக் கொல்லையில்தான் அம்மாவுக்கு வேலை.

விடிந்ததும் போய்ப் பாசியைத் தேய்த்துக் கழுவினோம். அதே சக்கரம்! அம்மா மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, துணி கட்டி, தேங்காயும் உடைத்துவிட்டாள். அந்தப் படியைத் தாண்டி இறங்கித்தான் மோட்டாருக்குத் தண்ணீர் ஊற்றிப் போட முடியும். அந்தக் கொல்லையில் அது சித்தப்பா வேலை. அவர் தலைவரிடம், "சாமி மேல கால வைக்கச் சொல்றீங்களா? நான் புள்ளகுட்டிக்காரனுங்க" என்று துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார். கொல்லை வேலைக்கு வந்த எங்கள் பெண்களும், "நாங்க தள்ளி நின்னே கும்புட்டுக்கிறோமுங்க" என்று வரப்பில் உட்கார்ந்துவிட்டார்கள். ஊரைக் கூட்டிச் சாமி என்று சொன்ன மனிதர், தானும் மிதிக்க முடியாமல் தவித்தார். வெங்காயத் தாள் மஞ்சளாகத் தொடங்கியது. அவர் தெருக்காரர்களே, "இங்க எப்பங்க கோயிலு?" என்று கேட்டுச் சிரித்தார்கள்.

கடைசியில் அவரே காலனிக்கு வந்தார். "ஏம்மா ஆண்டாயி, அந்த ரேடியோ வாத்தியாரு தெளிவாத்தானே சொன்னாரு, அது நத்தைன்னு? படிச்ச மனுசன் பொய்யா சொல்லுவாரு?" என்று கேட்டார். அம்மா ஒன்றும் தெரியாதவள் போல, "அப்படிங்களா? அப்ப ரெண்டும் நத்தைதானுங்களே?" என்றாள். அவர் வேப்பமரத்தைப் பார்த்தார், எங்கள் குழியைப் பார்த்தார், "ரெண்டும்தான்" என்று முனகிவிட்டுப் போனார். அன்று மதியமே கடப்பாரைச் சத்தம் கேட்டது.

அப்பா மட்டும் அந்தக் கல்லை உடைக்க விடவில்லை. அலுங்காமல் மேலே ஏற்றி மரத்தடியில் வைத்திருக்கிறார். "கோடி வருசம் மண்ணுக்குள்ள கெடந்திருக்கு, ஒரு கும்புடு போட்டா உன் அறிவியலு கொறஞ்சிடுமா?" என்கிறார். குறையுமா ஐயா? உங்களுக்குத் தெரியுமா?

இன்று காலையில் அம்மா முதல் வாளி இறைத்தாள். குடம் நிறைந்த பிறகும் நிறுத்தவில்லை. கயிற்றைப் பிடித்து இறைக்கிறாள், கீழே ஊற்றுகிறாள், மறுபடி இறைக்கிறாள். யாரும் தடுக்கவில்லை. உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியாமல்தான் இத்தனை பக்கம் எழுதிவிட்டேன்.

எங்கள் ஊரைப் போலக் கல்லைக் காட்டிக் கிணற்றை நிறுத்திய ஊர் வேறு எங்காவது இருந்தால் உங்களுக்கு எழுதச் சொல்லி வானொலியில் சொல்லுங்கள் ஐயா. சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் எல்லாரும் அவரவர் கிணற்றுப் படியைக் கழுவிப் பார்க்கட்டும்.

இன்னும் ஒரே ஒரு வேண்டுகோள். நீங்கள் எங்கள் காலனிக்கு வந்து, எங்கள் வீட்டில், எங்கள் சொம்பில் ஒரு வாய் தண்ணீர் குடிக்க வேண்டும். வருவீர்களா என்பதைக் கடிதத்தில் எழுத வேண்டாம். வியாழக்கிழமை வானொலியிலேயே சொல்லிவிடுங்கள். குழாயில் ஊரே கேட்கட்டும்.

உங்கள் குடும்பம் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும்.

காத்திருக்கும்,
அ. மலர்க்கொடி